குவாண்டம் துகள்கள் பிணைந்திருக்கா, இல்லையா? பைத்தானில் கண்டுபிடிப்பது எப்படி? தரமணி விஞ்ஞானியின் பங்கு என்ன?

ஒரு ஜோடி செருப்பைப் பிரிச்சு ஒன்றைத் தாம்பரத்துக்கும் மற்றதைத் தரமணிக்கும் அனுப்புறோம். தாம்பரத்தில் இடது கால் வந்தா, தரமணியில் வலதுன்னு பார்க்காமலே சொல்லிடலாம். இது வெறும் பொருத்தம். குவாண்டம் பிணைப்பு, அதாவது என்டாங்கிள்மென்ட், இதைவிட வலுவானது. ரெண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

1996-ல் ஆஷர் பெரெஸ் சொன்ன வழி, கோடில் சில வரிதான். இரண்டு க்யூபிட்டின் நிலையை 4×4 அணியாக எழுதணும். அதை நான்கு 2×2 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிரையை நிரலாக மாத்தணும் (பிளஸ் டூ கணக்குதான்). பிறகு நம்பை லைப்ரரியில் ஐகன் மதிப்புகளைப் பார்க்கணும். பிணைப்பு இல்லாத நிலைக்கு மைனஸ் வரவே வராது. வந்தால் பிணைப்பு உறுதி. பெல் நிலைக்கு -0.5 வரும். ஆனா -0.0000000000000001 வந்தா குதிக்காதீங்க, அது கம்ப்யூட்டரின் தசமப் பிழை.

மைனஸே இல்லைன்னா? இரண்டு க்யூபிட்டுக்குப் பிணைப்பு இல்லைன்னு அர்த்தம். இதை அதே ஆண்டு நிரூபித்தவர்கள் போலந்தின் ஹொரொடெக்கி அப்பாவும் இரண்டு மகன்களும். 3×3 அமைப்பிலிருந்து இந்தச் சோதனையிலும் சிக்காமல் பிணைப்பு ஒளிந்திருக்கலாம்.

ஒளிக்கற்றைகளுக்கு அணியின் அளவே முடிவில்லாதது. 2000-ல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர்.சைமன் அதுக்கும் வழி சொன்னார். ஒரு கற்றையின் உந்தத்தை மட்டும், கண்ணாடி பிம்பம் மாதிரி, குறி மாற்றணும். இரண்டு கற்றைகளின் காஸியன் நிலைகளுக்கு, அளவீட்டில் கிடைக்கும் 4×4 அணியே போதும்.