21 தாள், ஒரு படம்

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு வந்தார் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் அரசாங்கத்துக்குப் படமெடுக்க அமர்த்தப்பட்ட ராணுவ அதிகாரி அவர். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைப் பதிய வேண்டும். அவ்வளவு நீளம் எந்த லென்ஸுக்குள்ளும் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது. கேமராவின் உயரமோ தூரமோ இடையில் பிசகியிருந்தால், ஒரு தாளில் ஓடிய எழுத்து வரி அடுத்த தாளில் போய்ச் சேர்ந்திருக்காது. சொந்தப் படங்களை இணைத்து இன்னொரு படம் செய்யப் பழகுகிற எவருக்கும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும் முதல் தரமான பாடம் இது.

அதே ட்ரைப் 1855இல் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். அந்தக் கால ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். மண்ணும் மரமும் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே இதற்கு வேறு வழி கண்டார்: கடலை ஒரு நெகட்டிவில், வானத்தை இன்னொன்றில் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு பெரும் காட்சியையே உருவாக்கினார். ஏறத்தாழ ஆறு வாரம் பிடித்த வேலை. ‘இது புகைப்படமே அல்ல’ என்ற சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தச் சண்டையில் பாதி நியாயம்தான் இருக்கிறது. ஏமாற்றுவதற்காகவும் படங்களை ஒட்டியவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கலை பிறந்ததென்னவோ தேவையிலிருந்து.

தமிழ்நாட்டுப் பாமரர் கண்ணில் ஒட்டு வேலையைப் பெரிதாகக் கொண்டுவந்து நிறுத்தியது சினிமா. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ 1940இல் வந்தது; பி.யு. சின்னப்பாவுக்கு அதில் இரட்டை வேடம். பிலிம் காலத்தில் இரட்டை வேடக் காட்சிக்கு லென்ஸின் ஒரு பாதியை மூடி நடிகரைப் படமெடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மூடி, உடை மாற்றி வந்த அதே நடிகரை எடுப்பார்கள். இடையில் கேமரா இம்மியும் அசையக் கூடாது. விளக்கும் மாறக் கூடாது. நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினால் கை வெட்டுப்பட்டுவிடும்.

ஊர் ஸ்டூடியோக்களில் நடந்த ஒட்டு வேலை வேறு வகை, மனதுக்கு நெருக்கமானது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் இறந்துவிடுவார். அடையாள அட்டையிலோ கல்யாணக் கூட்டப் படத்திலோ இருக்கும் முகத்தைக் காப்பி எடுத்து, வெட்டி, மற்றவர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, டச்சிங் செய்து, மறுபடி படமெடுத்துப் பெரிதாக்கித் தருவார் ஸ்டூடியோக்காரர். கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கும் பல ஜோடிப் படங்கள் இப்படி வந்தவை. அந்த இருவரும் அப்படி அருகருகே உட்கார்ந்ததே இல்லை. பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்தது. டார்க் ரூம் மூடியபோது எத்தனையோ கடைகளின் நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின என்பதை நினைத்தால், அது காலத்தில் செய்த உதவி.

1990இல் போட்டோஷாப் வந்தது. 1994இல் அதில் லேயர் வசதி சேர்ந்ததும், வெட்டி ஒட்டும் வேலை கத்தரியையும் பசையையும் விட்டுக் கணினிக்குள் புகுந்தது. பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா பிளெக்ஸ் பேனர்கள் அதன் பிள்ளைகள். இன்று போனிலேயே முடிகிறது. ஆனாலும் பல பேனர்களில் முகத்துக்கு இடப்பக்கம் வெயில், பின்னாலிருக்கும் மலைக்கு வலப்பக்கம் வெயில். இணையத்தில் அகப்பட்ட படத்தை எடுத்து ஒட்டுவதால் வரும் கோளாறு இது. சொந்தமாக எடுத்த படத்தில் நேரமும் திசையும் எடுத்தவருக்குத் தெரியும்.

போடி வட்டாரத்து ராசிங்காபுரம் என்ற ஊரில், சொந்தப் படங்களை இப்படி இணைத்துப் பழக இயற்கையே வசதி செய்து வைத்திருக்கிறது. ஊருக்கு மேற்கே மலைத்தொடர். காலையில் கிழக்கு வெயில் சரிவின் மேல் நேராக விழுவதால் மடிப்பும் பாறையும் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, அதே சரிவு கருத்து விளிம்பு மட்டும் ஒளிரும். காலை மலைக்கு முன்னால் மாலையில் எடுத்த ஆளை நிறுத்தினால் எளிதில் பொருத்த முடியாது, நிழல் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் கிழக்கே முகம் காட்டி ஆளை ஒரு முறை, அதே வரப்பில் அதே கண் உயரத்தில் மலையைத் தனியாக ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்பவருக்கு, ஓரம் வெட்டுவதும் நிறம் கூட்டுவதும்தான் மிச்ச வேலை.