சென்னையில் எய்ட்ஸ் கண்டறியப்பட்ட வரலாறு

தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், அங்கே செய்யப்படும் ரத்தச் சோதனைகளில் எச்.ஐ.வி. சோதனையும் ஒன்றாக இருக்கும். இக்கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவக்கூடியது. சிகிச்சை இல்லாவிடில் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை இதற்கு ஆளாகலாம். தக்க சமயத்தில் மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே குறைத்துவிடலாம். இன்று சாதாரணமாகிவிட்ட இச்சோதனை தமிழகத்துக்கு வந்த வரலாறு, ஒரு மாணவியின் ஆய்வேட்டுடன் தொடங்குகிறது.

எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. 1983-ல் பாரிசின் பாஸ்டர் நிலையத்தார் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985-ல் ரத்தத்தைச் சோதிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம் பண்பாட்டை மீறி இங்கு வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தனர். கிருமிக்குப் பண்பாடு தெரியுமா என்ன?

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் எனக் கருதினார். 1985-ன் இறுதியில், தம் பட்டமேற்படிப்பு மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவுக்கு இதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32. இரு சிறு குழந்தைகளின் தாய். முதலில் தயங்கிய அவரை ஊக்குவித்தவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

இருநூறு பேரின் ரத்தம் தேவை. அவர்களுள் எண்பது பேர் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களாக இருக்கவேண்டும். பம்பாய், கல்கத்தா போலச் சென்னையில் அவர்களுக்கெனத் தனிப் பகுதி இல்லை. எங்கே தேடுவது? பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வரும் பெண்களுடன் நிர்மலா பழகினார். அவர்கள் மூலம், போலீசாரிடம் பிடிபட்ட பெண்களை வைத்திருக்கும் விஜிலன்ஸ் இல்லத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சேகரித்தார். கையுறைகூட இல்லாத வேலை அது! பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு வசதியில்லாமல் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை; வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியுடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினர். அங்கே வைரஸ் துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான், உதவிக்குத் தம் துறையினர் இருவரை அளித்தார்.

'எலைசா' எனப்படும் அச்சோதனையை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் உடலில் ஒரு கிருமி புகுந்தால், அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றும். பிளாஸ்டிக் தட்டிலுள்ள சிறு குழிகளில் வைரசின் புரதத்தை முன்பே பூசிவைத்து, அதில் சீரத்தை விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. அந்த எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய, நொதி இணைத்த மற்றொரு பொருளை அடுத்து விடுவார்கள். கடைசியாகச் சேர்க்கும் ரசாயனத்தை நொதி நிறம் மாற்றும். நிறம் மாறாத குழியில் எதிர்ப்பொருள் இல்லை.

காலையில் தொடங்கிய வேலை நடுவே மின்சாரம் நின்றது. தேநீர் அருந்திவிட்டு வந்து பார்த்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. மீண்டும் சோதித்தும் அதே முடிவு. எலைசா சில சமயம் தவறாகவும் காட்டலாம் என்பதால், அமெரிக்காவுக்கும் மாதிரிகள் அனுப்பப்பட்டு, வேறொரு முறையில் உறுதி செய்யப்பட்டது. 1986 மே மாதம் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்ப மறுத்தவர்களும், ஆராய்ச்சியாளரையே குறை கூறியவர்களும் உண்டு.

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டை அளித்து, பின்னர் கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றினார். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் மறையும் வரை நோயாளிகளுக்காக உழைத்தார்.

ரத்தம் கொடுத்த பெண்களின் நிலை வேறு. எந்த நோய்க்காகச் சோதிக்கிறார்கள் என்பது அவர்களிடம் கூறப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே எண்ணியிருந்தனர். எய்ட்ஸ் என்றால் அவர்களுக்குப் புரிந்திராது என்பது ஒரு சமாதானம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. கண்டுபிடிப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில், கிருமி இருப்பதாக அறியப்பட்ட பெண்கள் பலர், அக்காரணத்துக்காகவே காப்பில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு அங்கே தரச் சிகிச்சை எதுவும் இல்லை. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் பிடித்து வைக்கவுமில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே, 1990-ல் அப்பெண்களுக்கு விடுதலை கிடைத்தது.

2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, ஒருவரைச் சோதிக்குமுன் விவரத்தைச் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும். முடிவை அவர் விருப்பமின்றிப் பிறருக்கு வெளியிடவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப் பலகை தொங்கும் அறையில், ஊசியை எடுப்பதற்கு முன் ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசுவது இதற்காகத்தான்.