ஆளை அளந்த பரீட்சைகள்

உத்தியோகம் நாடி வருகிறவர்களைச் சோதித்துப் பொறுக்கியெடுக்கும் காரியம் இன்று கைபேசித் திரையிலேயே நடந்து முடிகிறது. முதலில் கணக்கும் தர்க்கமும் கேட்டு, பின்னர் தனிமை பிடிக்குமா, கோபம் எளிதில் வருமா என்று சுபாவத்தையும் துருவிக் கேட்டு, விடைகளை ஒரு மனிதக் கண்ணும் பாராமலே அபேட்சகர்களிற் பலரைக் கழித்துவிடுகிறார்கள். படிப்பைப் பரீட்சித்துப் பதவி கொடுக்கும் முறை பழமையானது. சீனத்தில் அது பல நூற்றாண்டுக் காலம் நிலவி 1905-இல்தான் முடிவுற்றது. ஆனால் ஒருவனுடைய கவனத்தையும் மனப்போக்கையும் அளந்து வேலை தரும் வழக்கத்துக்கு வயது நூற்றுக்குச் சற்று மேல்தான். அது எங்கே, எந்த நோக்கத்தோடு தொடங்கிற்று என்பதை இப்போது நினைத்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறேன்.

1912-ஆம் ஆண்டில், அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் வண்டிகளால் நேரும் விபத்துக்களைக் குறைக்க வழி தேடியவர்கள், ஜெர்மனியிற் பிறந்து ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த மனோதத்துவ நிபுணர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பர்க்கின் உதவியை நாடினார்கள். அவர் செய்த சாதனம் மிக எளியது. ஒரு சீட்டின் நடுவே தண்டவாளத்தைக் குறிக்கும் இரண்டு கனத்த கோடுகள். இருபுறமும் கட்டங்களில் 1, 2, 3 என்ற எண்கள். ஒன்று நடந்து செல்பவர், இரண்டு குதிரை வண்டி, மூன்று மோட்டார். கறுப்பு எண்கள் தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறவை, சிவப்பு எண்கள் அதை நோக்கி வருகிறவை. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற இத்தகைய சீட்டுக்கள் ஒரு சிறு சாளரத்தின் கீழ் நகர்ந்து வரும். எந்தச் சிவப்பு எண் தன் மதிப்புக்குரிய கட்டங்களைத் தாண்டினால் சரியாகத் தண்டவாளத்தை எட்டும் என்று அந்தக் கணத்திலேயே நிதானித்து, அபாயமான இடங்களை மட்டும் பரீட்சைக்கு வந்தவர் சொல்லவேண்டும். வண்டியின் முன்தட்டில் நிற்கும்போது உண்டாகும் உணர்ச்சியே இதிலும் உண்டாவதாக அனுபவமிக்க ஓட்டுநர்கள் சொன்னார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

டெலிபோன் இணைப்பகத்துக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க அவர் பரீட்சைகள் வகுத்தபோது, கம்பெனியார் அவருக்குத் தெரியாமல், வேலையில் ஏற்கெனவே பேரெடுத்த சிலரைப் புதியவர்களோடு கலந்து அனுப்பிவைத்தார்கள்; அவர்களே பட்டியலின் உச்சியில் வந்தார்கள். பரீட்சையையே பரீட்சித்துப் பார்த்த இந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முதல் உலக யுத்தம் வந்தது, அளவு மாறியது. 1917 முதல் மனோதத்துவ நிபுணர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் வகுக்கப்பட்ட ராணுவப் பரீட்சைகளை 17 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் எழுதினார்கள். பொதுவான புத்தியை அளப்பதாகச் சொல்லப்பட்ட அவற்றில், கடையில் விற்கும் ஒரு சமையல் கொழுப்பின் பெயரைச் சொல்லி அது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று கேட்டார்கள்; எழுத்தறியாதவர்களுக்கென்று வைத்த படப் பரீட்சையிலோ, வலையில்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, குறையை வரைந்து நிரப்பச் சொன்னார்கள். நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியானவன் டென்னிஸை எங்கே கண்டான்? அதே காலத்தில், போர்முனையில் மனம் குலையக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிய மற்றொரு மனோதத்துவ நிபுணராகிய ராபர்ட் வுட்வொர்த் ஆம், இல்லை என்று விடையளிக்கும் 116 வினாக்களைத் தொகுத்தார். யுத்தம் முடிந்துவிட்டதால் அது அதிகம் பயன்படவில்லையெனினும், இன்றைய சுபாவப் பரீட்சைகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. பட்டாளத்தில் பழகிய இந்த முறையைத் தொழிலதிபர்கள் சுவீகரித்துக்கொண்டபோது, வேலையைப் பார்த்துப் பரீட்சை செய்வது பின்தள்ளப்பட்டு, ஆளைப் பொதுப்பட அளப்பதே வழக்கமாயிற்று. 50 வினாக்களுக்கு 12 நிமிஷத்தில் விடை கேட்கும் வாண்டர்லிக் பரீட்சை அவ்வாறு பரவிய ஒன்று.

அந்தப் பரீட்சைதான் பின்னர் நியாயஸ்தலம் ஏறியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் மின்நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவைத் தவிர வேறு பிரிவுகளில் இடம் கிடையாது. அப்பிரிவின் மிக உயர்ந்த சம்பளமோ மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்திலும் தாழ்ந்தது. வேலையில் இனபேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2-ஆம் தேதி அமலுக்கு வந்த அதே நாளில், மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு வாண்டர்லிக் பரீட்சையும் யந்திர அறிவுப் பரீட்சை ஒன்றும் தேறவேண்டுமென்று கம்பெனி விதித்தது. அந்த மாநிலத்தில் 1960-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உயர்நிலைப் பள்ளியை முடித்த வெள்ளை ஆண்கள் நூற்றுக்கு 34 பேர், கறுப்பின ஆண்கள் 12 பேர். சான்றிதழும் இல்லாமல், பரீட்சையும் எழுதாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்களோ அதே வேலைகளைத் திருப்திகரமாகச் செய்துவந்தார்கள்!

வில்லி கிரிக்ஸ் முதலிய 13 தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், 1971 மார்ச் 8-ஆம் தேதி பிரதம நீதிபதி வாரன் பர்கர் ஏகமனதான தீர்ப்பை வெளியிட்டார். கம்பெனியின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம், விளைவு அநியாயமானால் அது தகாது என்றும், பரீட்சை அந்த வேலைக்குரிய தகுதியை அளக்கவேண்டுமேயன்றி மனிதனைப் பொதுவாக அளக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்ஸ்டர்பர்க்கின் சீட்டில் இருந்த நேர்மையை, அறுபது ஆண்டு வழிதவறிய பிறகு, சட்டம் கட்டாயமாக்கியது என்றே நான் கொள்கிறேன்.

இணையப் பரீட்சைகள் பெருகிய பிறகு வழி மீண்டும் தவறியிருக்கிறது. அபேட்சகரின் முகபாவத்தை யந்திரத்தைக் கொண்டு ஆராய்ந்துவந்த அமெரிக்க நிறுவனமாகிய ஹயர்வ்யூ, கண்டனங்களுக்குப் பின் அதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. நியூயார்க் நகரிலோ, ஆள் தேர்வுக்குத் தானியங்கிச் சாதனங்களை உபயோகிப்போர் அவற்றில் பாரபட்சம் உண்டா என்று வெளியாரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்வித்து, முடிவைப் பகிரங்கப்படுத்தி, அபேட்சகர்களுக்கும் முன்னரே அறிவிக்கவேண்டுமென்ற சட்டம் 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்லூரியை விட்டு வரும் லட்சக்கணக்கான இளைஞர்களை இத்தகைய பரீட்சைகளின் வாயிலில் நிறுத்தும் நம் நாட்டிலும் அதுபோன்ற சட்டம் வேண்டும். அதை இயற்றும் வரையில், தாங்கள் வைக்கும் பரீட்சையை முதலில் தங்கள் நல்ல ஊழியர்களே எழுதித் தேறுகிறார்களா என்றாவது முதலாளிகள் பார்க்கவேண்டும்.