கணினி வழிகாட்டும் பல் பதியம்

இழந்த பல்லுக்கு மாற்றாக டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பொருத்தும்போது, அதன் இடம், ஆழம், சாய்வு ஆகியவற்றைக் கணினியில் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறை. சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பதியம் பொருத்தினார். கணினி வழிகாட்டல் பல்லாண்டுகள் கழித்தே வந்தது.

முறைகள்: தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி (கூம்புக்கற்றை சிடி) ஸ்கேனையும் வாய் ஸ்கேனையும் இணைத்துத் திட்டம் வகுக்கப்படுகிறது. நிலை வழிகாட்டலில் முப்பரிமாண அச்சில் உருவாக்கிய அச்சுத்தகடு பல்வரிசைமேல் அமரும். அதன் துளை வழியே துரப்பணம் இறங்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் வைத்துத் துணி வெட்டுவதைப் போன்றது இது. இயங்கு வழிகாட்டலில் கேமரா துரப்பணத்தைத் தொடர்ந்து, அதன் இடத்தைத் திரையில் காட்டும்.

துல்லியம்: நிலை வழிகாட்டல் குறித்து 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 2,238 பதியங்களின் சராசரி விலகல் நுழைவிடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., கோணத்தில் 3.5 பாகை. கீழ்த்தாடை நரம்பிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளியே திட்டமிட வேண்டும் என்பது இதனால்தான்.

பிழைக் காரணங்கள்: ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி அசைதல், அச்சுத்தகடு ஆடுதல், துளைக்கும் துரப்பணத்துக்கும் இடையிலான தளர்வு. பற்கள் முழுதும் இழந்த வாயில் தகடு ஈறின்மேல் அமர்வதால், ஓரிரு பல் மட்டும் இழந்தவர்களைவிட விலகல் கூடுகிறது.

வெறுங்கையால் பொருத்துவதைவிட இம்முறை துல்லியமானது. எனினும் பிழையே இல்லாததன்று. மருத்துவரின் பயிற்சிக்கு இது துணை, மாற்று அன்று.