முகப்பு விளக்கும் எர்த்தும்: தென்சென்னைப் புறநகரில் ஒரு பழுதுபார்ப்பின் வரலாறு

மேடவாக்கம் பிரதான சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த கோவிலம்பாக்கம், ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிய சிற்றூராக இருந்து, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களும் ஜி.எஸ்.டி. சாலையின் தொழிற்பகுதிகளும் பெருகியபின் இரவு பகல் ஓயாத வாகனப் பாதையாக மாறிய ஊராகும். வயல்களுக்கு நீர் தந்த கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் நகரத்துக்கு நடை அடிக்கத் தொடங்கிய மாற்றமும், தெருவுக்குத் தெரு கார்கள் நிற்கத் தொடங்கிய மாற்றமும் சேர்ந்து, சென்னையின் மற்றப் புறநகர்களைப் போலவே இங்கும் ஒரு தொழிலுக்கு இடம் கொடுத்தன. எஞ்சினைத் தொடாமல், தகரத்தைத் தட்டாமல், வண்டியின் ஒயர்களை மட்டும் பார்க்கும் ‘ஆட்டோ எலக்ட்ரீஷியன்’ தொழிலே அது. அவரிடம் வரும் வேலைகளில் பெரும் பகுதி முகப்பு விளக்கைச் சார்ந்தது. அதிலும் கணிசமானவை, உரிமையாளர் தாமே பல்பையோ ஒயரையோ மாற்றிப் பார்த்து, விளக்கு எரியாமலோ தவறாக எரிந்தோ போனபின் வருபவை. இந்தக் கடைசி வகைப் பழுதுக்குச் சென்னையில் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு வரலாறு உண்டு.

1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கிய காலத்தில், கார்களின் முகப்பில் இருந்தது மின்விளக்கு அன்று. கால்சியம் கார்பைடு என்னும் கல்லின்மீது நீர் சொட்டுச்சொட்டாக விழும்போது எழும் அசெட்டிலீன் வாயுவை ரப்பர்க் குழாய் வழியாகக் கொண்டுசென்று எரிப்பதே அக்கால முறை. ஊர்வலங்களிலும் இரவுக் கடைகளிலும் தமிழ்நாட்டார் நெடுங்காலம் பயன்படுத்திய கார்பைடு விளக்கும் இதே வகையைச் சேர்ந்தது. இந்த விளக்கில் பழுதுபார்ப்பு என்பது தனி வேலையாக இருக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் ஓட்டுநர் செய்ய வேண்டிய கடமையாக இருந்தது. எரிந்து முடிந்த கார்பைடு விட்டுச்செல்லும் சுண்ணாம்புக் கூழை வழித்தெடுத்து, சுடர் எழும் துளையில் படிந்த கரியைக் குத்தி நீக்கி, நீர்ச்சொட்டின் வேகத்தைத் திருகால் சரிசெய்தால்தான் அன்றிரவு வெளிச்சம் கிடைக்கும். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. பிற்காலப் பழுதுகளோடு ஒப்பிடும்போது இந்த வெளிப்படைத்தன்மைதான் முதலில் மறைந்தது.

1912-இல் அமெரிக்கக் காடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் எஞ்சினை இயக்கிவைக்கும் ஏற்பாட்டையும் மின்விளக்குகளையும் ஒருசேரக் கொடுத்தபின், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் கார்களில் பாட்டரியும் டைனமோவும் இடம்பிடித்தன. டைனமோ என்பது எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்னழுத்தம் தர இயலாது. அந்நிலையில் பாட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் பின்னோக்கிப் பாயாமல் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பெட்டியைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இன்றுவரை ‘கட்அவுட்’ என்றே அழைக்கின்றனர். நிறுத்தத்தில் மங்கி, வேகமெடுத்தால் பிரகாசிக்கும் முகப்பு விளக்கு அந்தக் காலத்தில் பழுதாகவே கருதப்படவில்லை. அது டைனமோவின் இயல்பு. மெதுவான ஓட்டத்திலும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் டைனமோவின் இடத்துக்கு வந்தபிறகுதான் அதே அறிகுறி கோளாறு என்னும் பொருளைப் பெற்றது.

1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம், பேருந்து நடத்துவதிலிருந்து உதிரிபாக வணிகத்துக்கும் பின்னர் உற்பத்திக்கும் நகர்ந்து, பிரிட்டனின் ஜோசப் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தை உருவாக்கிச் சென்னைப் பாடியில் ஆலை அமைத்தபோது, சென்னை எலக்ட்ரீஷியனின் கல்விக்கு ஒரு பாடத்திட்டம் கிடைத்ததுபோல் ஆயிற்று. லூகாஸ் ஒயர்களுக்கு நிற ஒழுங்கு ஒன்று இருந்தது. பாட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, எர்த் கறுப்பு, பக்கவிளக்கும் பின்விளக்கும் சிவப்பு, முகப்பு விளக்கு நீலம். அந்த நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் தொலைதூர வெளிச்சமான ‘பிரைட்’, சிவப்புக் கோடு ஓடினால் எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யாத தாழ்வெளிச்சமான ‘டிம்’. எழுத்தறிவு குறைந்த பணியாளும் நிறத்தைக் கொண்டே வரைபடம் இல்லாமல் பழுதைத் தேடிப் பிடிக்க முடிந்தது இந்த ஒழுங்கினால்தான். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ஹெரால்டும், வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசிடரும் பிரிட்டிஷ் வடிவமைப்பில் பிறந்தவை. ஆகவே தாம்பரம் வட்டாரத்து வண்டிகளில் இந்த நிறமொழி எளிதில் வேரூன்றியது. 1949-இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி தன் முதல் பாடப்பிரிவுகளுள் ஒன்றாக ஆட்டோமொபைல் பொறியியலைக் கொண்டிருந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஏட்டுக் கல்வியும் பட்டறைக் கல்வியும் ஒரே சாலையோரத்தில் வளர்ந்த வட்டாரம் இது.

எர்த் என்பதைச் சற்று விரித்துரைப்பது தேவை. காரில் பல்புக்கு மின்சாரம் ஒயர் வழியாகச் செல்கிறது. திரும்பி வருவதோ பெரும்பாலும் வண்டியின் இரும்புடல் வழியாக. அந்த உடலோடு ஒயரை இணைக்கும் திருகுப் புள்ளியே எர்த். 1960-களின் நடுப்பகுதிவரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிறகு எதிர்முனை இணைக்கப்பட்டது. இரண்டு வழக்கங்களும் ஒரே தெருவில் ஓடிய ஆண்டுகளில், பாட்டரியை மாற்றி மாட்டுவது வீட்டிலேயே செய்யப்பட்ட பழுதுபார்ப்பின் அறியப்பட்ட ஆபத்துகளுள் ஒன்றாக இருந்தது. முகப்பு விளக்கின் பல்புக்கு முனைமாற்றம் ஒரு பொருட்டே அன்று, அது எப்படியும் எரியும். கெடுவது டைனமோவும் ரேடியோவும். விளக்கு எரிந்ததைக் கண்டு வேலை முடிந்தது என்று நம்பியவர் ஏமாந்தார்.

1983-இல் மாருதி 800 வந்தபின் பழைய நிறமொழி செல்லாக்காசாயிற்று. நிறங்கள் மாறின என்பது சிறிய மாற்றம். ஜப்பானிய வடிவமைப்புகள் பலவற்றில் சுவிட்ச் நிற்கும் இடமே மாறியது பெரிய மாற்றம். பிரிட்டிஷ் முறையில் பல்புக்குச் செல்லும் மின்சாரத்தைச் சுவிட்ச் தடுத்தது. ஜப்பானிய முறையில் பல்புக்கு மின்சாரம் முன்பே வந்து நிற்க, எர்த் பக்கத்து இணைப்பைச் சுவிட்ச் திறந்து மூடியது. முதல் முறையில் பழகியவர் இரண்டாம் முறை வண்டியில், பல்பின் பிரைட்டுக்கும் டிம்முக்கும் பொதுவான முனையை எர்த் என்று எண்ணித் தாமே ஒரு ஒயரை உடலோடு முறுக்கிவிட்டால், பியூஸ் உடனே எரிந்துபோகும். புதிய பியூஸ் போட்டாலும் அதுவும் போகும். காரணம் பியூஸில் இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு தர்க்கங்கள் இருக்கக்கூடும் என்பதை ஒரு தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டனர்.

1971-இல் ஐரோப்பாவில் அறிமுகமான எச்4 ஹாலஜன் பல்பு, இந்தியக் கார்களில் பரவலானபின், உரிமையாளரே பல்பு மாற்றும் பழக்கம் உறுதிப்பட்டது. முதலில் ரப்பர் மூடியும் கம்பிக் கிளிப்பும் கழற்றப்பட்டுப் புதிய பல்பு வைக்கப்படும். பிறகு மூன்று தகடுள்ள ‘கப்ளர்’ எனப்படும் இணைப்பி மாட்டப்படும். இந்த எளிமைக்குள் நுட்பம் ஒளிந்திருந்தது. அந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. தாழ்வெளிச்ச இழையின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று நின்று, ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் படும்படி காக்கிறது. பல்பின் விளிம்பிலுள்ள மூன்று காதுகளும் தம் பள்ளங்களில் சரியாக அமராவிட்டால் கிண்ணத்தின் நிலை பிசகி, கீழே விழ வேண்டிய ஒளி மேலே எழும். பல்பின் படிகக் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் தோலின் எண்ணெய்ப்பசை அந்த இடத்தில் வெப்பத்தைக் குவித்து, பல்பு நாளடைவில் வெடிக்கவோ கருகவோ செய்யும். ரப்பர் மூடியைத் திரும்பப் பொருத்த மறந்தால் அடுத்த மழையில் ‘டூம்’ என்று கடைக்காரர்கள் அழைக்கும் விளக்குக் கூட்டினுள் நீராவி படியும்.

இவற்றைவிடக் கேடானது வாட் ஆசை. 60/55 வாட்டுக்கு வடிவமைத்த ஒயரில் 100/90 வாட் பல்பைப் போடும் வழக்கம், ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டைச் சந்தையிலும் பல்பு மலிவாகக் கிடைத்தபடியால் பரவியது. 12 வோல்ட்டில் இரண்டு 55 வாட் விளக்குகள் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 100 வாட் விளக்குகள் ஏறத்தாழ 17 ஆம்பியர். அந்தச் சுமையை ஸ்டீயரிங் தண்டிலிருந்த சிறு சுவிட்ச் தாங்காமல் அதன் தொடுமுனைகள் கருகின, கப்ளர்கள் உருகின. சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ‘ரிலே’யைத் தனியாகப் பொருத்தி, பாட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுப்பது இந்தத் தொழிலாளர்கள் கண்ட நேரிய தீர்வாகும், அது பாராட்டுக்குரிய பொறியியல்.

கோவிலம்பாக்கத்துக்கு மட்டும் உரிய பழுது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது நீரால் வருவது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நாராயணபுரம் ஏரியும் அருகிருக்க, கடற்காற்றின் உப்பும் எட்டும் இந்த வட்டாரத்தில், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் வடிந்தபின் உலர்த்தி ஓட்டப்பட்ட வண்டிகளில் விளக்குகள் எரிந்தன. ஆனால் எர்த் திருகின் அடியிலும் கப்ளரின் தகடுகளிலும் பச்சையும் துருவும் மாதக்கணக்கில் வளர்ந்தன. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இந்த உண்மை தெரியாதவர் மங்கிய விளக்குக்குப் புதிய பல்பை வாங்கிப் போட்டு, அதுவும் மங்குவதைக் கண்டு திகைப்பார். இண்டிகேட்டர் போடும்போது முகப்பு விளக்கும் துடித்தால், மின்சாரம் தன் எர்த்தை இழந்து வேறொரு விளக்கின் வழியாகத் திரும்புகிறது என்று தேர்ந்த கைகள் உடனே கண்டுகொள்ளும். அவர்களின் கருவி எளியது: ஒரு பல்பும் இரண்டு ஒயரும் கொண்ட டெஸ்ட் லாம்ப். பாட்டரியில் தொடங்கி பியூஸ், ரிலே, சுவிட்ச், கப்ளர், எர்த் என வரிசை பிறழாமல் அதைத் தொட்டுச்செல்வதே முறை; அந்த வரிசையை மீறிப் பல்பிலிருந்து தொடங்குவதே வீட்டுப் பழுதுபார்ப்பின் தீராத குறை. அண்மைக்காலக் கார்களில் சுவிட்சுக்கும் பல்புக்கும் இடையே கட்டுப்பாட்டுக் கணினி நிற்பதால், டெஸ்ட் லாம்பின் சிறு சுமையே சில மின்சுற்றுகளுக்குக் கேடாகலாம்; மல்டிமீட்டர் அந்த இடத்தைப் பிடித்துவருகிறது.

பழுது சரியானபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று எக்காலத்திலும் புறக்கணிக்கப்பட்டே வந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச்செய்யாதபடி தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அதைத் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழைய ஏற்பாடு இந்த நோக்கத்துக்கு ஒரு தோராயமான பதிலாக இருந்தது. ஹாலஜன் இழைக்கென்று வளைக்கப்பட்ட பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பை மாட்டுவோர் பெருகியபின், ஒளிரும் சில்லு இழையின் இடத்தில் துல்லியமாக நில்லாமல் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. மாட்டியவருக்குச் சாலை பிரகாசமாகத் தெரிகிறது. எதிரே மிதிவண்டியில் வருபவருக்குச் சாலையே தெரிவதில்லை. விளக்கைத் தம் கையால் பழுதுபார்க்கும் மரபு மதிக்கத்தக்கது, காக்கத்தக்கது; ஆயினும் ஒளிக்கோட்டைச் சரிபார்க்காத வேலை பாதி வேலையே ஆகும்.

பல்பையோ டூமையோ தாமே மாற்றிய வாசகர்கள், சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடுவுயரத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழுகிறதா, இடப்புறம் மட்டும் சற்று உயர்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் டூமின் பின்புறத் திருகால் சரிசெய்தபிறகே இரவில் சாலைக்கு வர வேண்டும்.