எச்சங்களை இடம் பெயர்த்தல்: யூத சமய விதியும் சிங்கப்பூர் மயானங்களும்

யூத சமயத்தில் பிரேதத்தை மண்ணில் அடக்கம் செய்வது கடமை, தகனம் விலக்கு. அடக்கிய உடலையோ எலும்பையோ பின்னர் தோண்டியெடுத்து வேறிடம் சேர்ப்பது மரித்தவரின் அமைதியைக் குலைக்கும் அபசாரம் என்பது அச்சமயத்தின் பொது விதி. சவுல் அரசன் மாந்திரீகப் பெண்ணொருத்தியைக் கொண்டு சாமுவேல் தீர்க்கதரிசியைக் கல்லறையினின்று எழுப்பியபோது அவரே கலக்கமுற்றார் என வேதம் கூறுவதால், சாமானியரின் நிலை என்னவாகும் என்று ரப்பிமார் எனும் யூத சமய குருமார் அஞ்சினர்.

எனினும் அவ்வேதத்திலேயே, யோசேப்பின் எலும்புகளை மோசே எகிப்திலிருந்து சுமந்து சென்றதும், அவை சீகேமில் அடக்கமானதும் பேசப்படுகின்றன. இரண்டாம் ஆலயக் காலத்து எருசலேமில், குகைக் கல்லறையில் கிடத்திய உடலின் தசை மறைந்தபின், எலும்புகளைத் திரட்டிச் சுண்ணாம்புக்கற் பேழையில் இடுவது வழக்கமாயிருந்தது. தந்தையின் எலும்பைத் திரட்டும் மகன் அன்று மாலைவரை துக்கம் காத்தான். 1565இல் வெனிஸில் அச்சேறிய யோசேப்பு காரோவின் 'ஷுல்ஹான் ஆரூக்' என்னும் சட்டத் தொகுப்பு இதற்கான விதிவிலக்குகளை வரையறுத்தது: முன்னோர் கல்லறையில் சேர்ப்பதற்காகவும், இஸ்ரவேல் நாட்டுக்குக் கொண்டு செல்வதற்காகவும், கள்வராலோ நீராலோ ஆபத்து நேருமிடத்தும், பிற்பாடு பெயர்ப்பதென முதலிலேயே நிபந்தனை செய்திருந்தாலும் பெயர்க்கலாம். பொதுமக்களுக்கு இடையூறான கல்லறையையும் அகற்றலாம் என்ற விதி, யூத சமயத்தின் பழைய விதி விவாதத் தொகுப்பாகிய தல்மூத்தின் காலத்திலிருந்தே உண்டு.

இவ்விதிகளை ஏட்டளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு சிறு சமூகம் அவற்றை நேரில் எதிர்கொண்ட இடம் சிங்கப்பூர். பாக்தாத் வழிவந்த வணிகர்களாகிய இந்நகர யூதர், 1878இல் வாட்டர்லூ தெருவில் மகெய்ன் அபோத் ஜெப ஆலயத்தைக் கட்டினர். லிட்டில் இந்தியாவின் விளிம்பில், சிலிகி சாலையில், 1924இல் எழுந்த எல்லிசன் கட்டடத்தின் நெற்றியில் யூத அடையாளமான அறுகோண நட்சத்திரம் இன்றும் காணப்படுகிறது. இவர்களுடைய பழைய மயானம் ஆர்ச்சர்ட் சாலையில் இருந்தது. அது நிரம்பவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம்சன் சாலை மயானம் உண்டாயிற்று. பெருவிரைவு ரயில் பாதைக்காக முன்னதும், நகர வளர்ச்சிக்காகப் பின்னதும், 1980களில் அகற்றப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கில் அமைந்த புதிய யூத மயானத்தில் மறு அடக்கம் பெற்றன. லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலேறி அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்கும் நம்மவர், நம் வண்ணார் துறையின் பெயரை அந்நிலையம் தாங்கியிருப்பதை அறிவர். அந்த ஆர்ச்சர்ட் சாலை யூத மயானம் அங்குதான் இருந்ததை அறிந்தவர் சிலரே.

ஒரு நகரம் முழுவதற்கும் வேண்டிய பாதையை மறிக்கும் கல்லறை, பொதுஜன இடையூறு என்னும் பழைய விலக்கினுள் அடங்கும் என்பதே எம் கருத்து; ஆயினும் பெயர்க்கும் முறையில் அலட்சியத்துக்கு அவ்விலக்கு இடந்தருவதில்லை. எதிர்பாராது கண்டெடுத்த பிரேதத்தைப் பெயர்க்கையில், அதன் கீழுள்ள தளர்ந்த மண்ணை அள்ளி, கன்னி நிலத்திலும் மூன்று விரற்கடை ஆழம் தோண்டி, அம்மண்ணையும் உடன் கொண்டுபோக வேண்டுமென்கிறது தல்மூத். உடல் கரைந்து கலந்த மண்ணும் அவ்வுடலே என்பது இதன் தாத்பரியம்.

இந்த யூத சமூகத்தவரும் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சருமான டேவிட் மார்ஷல் 1995இல் மறைந்து சுவா சூ காங்கிலேயே அடக்கமானார். 1998இல் அரசு, புதிய அடக்கங்களுக்குப் பதினைந்தாண்டு எல்லை வகுத்தது. அதன்பின் தோண்டப்படும் எச்சங்களில், தகனத்துக்கு இசையாத சமயத்தாருடையவை மீண்டும் மண்ணிலேயே இடப்படுகின்றன.