சல்சா யாருடைய பெயர்?

சல்சா என்றால் ஒரு ஜோடி நடனம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். சென்னையில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மொத்தம் 8 எண்ணிக்கை. 1, 2, 3-ல் காலடி, 4-ல் நிறுத்தம். 5, 6, 7-ல் காலடி, 8-ல் நிறுத்தம். ஒருவர் முன்னே வைத்தால் மற்றவர் பின்னே. இதில் பொய் ஒன்றும் இல்லை. பட்டுப்புடவை என்பது ஆறு கஜம் துணி என்று சொல்வதிலும் பொய் இல்லைதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்காருகிற பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "டிவியில ஆடுறாங்களே, சல்சான்னா இன்னா தம்பி? நம்ம சதிர் மாதிரியா?" பரதநாட்டியம் என்று சொல்லாமல் சதிர் என்று இயல்பாகச் சொல்கிற கடைசித் தலைமுறை அவருடையது. கேள்வியின் பின்பாதியை அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அதுதான் கேள்வியாகப் பட்டது.

முதலில் தாளம். காலடியை மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சல்சா பிடிபடாது. கிளாவே என்பது கைக்கு அடக்கமான இரண்டு மரக்கட்டைகள். ஹவானாவில் கப்பல் கட்டும் இடங்களில் பலகைகளைப் பிணைக்கப் பயன்பட்ட வைரம் பாய்ந்த முளைகளிலிருந்து இவை வந்தன என்பது கூபாவின் இனவரைவியலாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் தந்த விளக்கம். கட்டைகள் தட்டுகிற ஐந்து அடிகளுக்கும் கிளாவே என்றே பெயர். நம் சொற்கட்டில் அதை இப்படிச் சொல்லலாம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. 3, 3, 4, 2, 4, கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தில் ஓர் அடி. கையில் ஆதி தாளம் போட்டு, எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரையாக இதைச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது எண்ணிக்கையில், நாம் திருதத்தின் தட்டைப் போடும் இடத்தில், கட்டை பேசாது. பாஸ் வாத்தியமும் முதல் எண்ணிக்கையைப் பெரும்பாலும் காலியாக விட்டுவிடும். அதற்கு முன்னதாகவே வந்து நின்றிருக்கும். கனம் விழ வேண்டிய இடத்தில் ஒலி இல்லை. ஆடுகிறவரின் உடல் போய் அந்த இடத்தை நிரப்புகிறது. இந்த ஆட்டத்தின் கிறக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, இடுப்பில் அல்ல.

நம் தாளம் கையால் எண்ணப்படுகிற ஒரு அளவு. அதன் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், சமத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். கிளாவே அளவு அல்ல, ஒரு வடிவம். கட்டை ஒலிக்காத பாட்டிலும் பியானோ, காங்கா, பாடகர் எல்லோரும் அந்த வடிவத்துக்குள்தான் நடக்க வேண்டும். தறிக்காரரிடம் இதைப் பாவு போல என்றேன்: ஓடுகிற ஊடை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, பாவு பேசாமல் கிடக்கிறது, ஆனால் அதைத் தூக்கி இறக்கித்தான் எல்லாம் விழுகிறது. "அது சரி, மிதி தப்புனா புட்டா கெட்டுப்பூடும்" என்றார். கிளாவே தப்பினாலும் அதேதான்.

காஞ்சிக்காரர்களுக்குத் தாளத்தின் மேல் தாளம் கட்டும் விளையாட்டு அந்நியமும் அல்ல. மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு பெரும்படையை மேடையேற்றி, ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்றே பெயர் வாங்கியவர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934). பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தவர். தேவதாசி மரபு வளர்த்த காது அது. இதைச் சொல்லாமல் அவருடைய லய ஞானத்தை மட்டும் தனியாகப் பெயர்த்தெடுத்துப் புகழ்வது சங்கீத சரித்திரக்காரர்களின் வழக்கம்.

கிளாவேயின் சொந்தக்காரர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். கூபாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1886-ல்தான். அதன் பிறகும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், கறுப்பர்களின் தோல்வாத்தியங்கள் போலீஸ் தொல்லைக்கும் தடைகளுக்கும் ஆளாயின. இந்தத் தோலும் ஸ்பானியர் கொண்டுவந்த தந்தியும் கிழக்கு மாகாணத்தில் கலந்து உருவானது 'சோன்' என்னும் பாட்டுமுறை. அது ஹவானாவுக்கு வந்து 1920-களில் இசைத்தட்டில் ஏறியது. 1940-களில் ஆர்செனியோ ரோத்ரீகெஸ் என்ற பார்வையற்ற கறுப்புக் கலைஞர் அதில் பியானோவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்து, தெருவில் கிடந்த காங்காவைக் குழுவின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஹவானாவின் கனவான்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பறை சபா மேடை ஏறும்போது சுளிக்கிற முகங்களைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இன்று சல்சா குழு என்று நாம் காண்பதன் அச்சு ஆர்செனியோ போட்டது. அவர் 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். சல்சா என்ற பெயரில் பணம் கொட்டத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுகளில்.

இனி நியூயார்க். புவேர்த்தோ ரீக்கோவை அமெரிக்கா 1898-ல் பிடித்தது. 1917-ல் அம்மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் பிழைப்புத் தேடி நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமுக்கும் தெற்கு பிராங்ஸுக்கும் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். 1950-களில் அங்கே கூபாவின் மம்போ ஆட்டம் அமர்க்களப்பட்டது. 1959-ல் கூபாவில் புரட்சி. 1962-ல் அமெரிக்கா முழுமையான வணிகத் தடை விதித்தது. ஊற்று அடைபட்டது, தாகம் அடங்கவில்லை. அந்த இடைவெளியில் 1964-ல் ஜானி பச்சேகோ என்ற டொமினிக்க இசைக்கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் சேர்ந்து தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி ஃபானியா. 1971 ஆகஸ்டில் சீட்டா என்ற கூடத்தில் அவர்கள் நடத்திய கச்சேரி மறுவருடம் திரைப்படமாக வந்தது. சோன், மம்போ, புவேர்த்தோ ரீக்கோவின் போம்பா, ப்ளேனா, கூடவே ஜாஸ் என எல்லாவற்றுக்குமாக ஒரே லேபிள் ஒட்டப்பட்டது: சல்சா. ஸ்பானிய மொழியில் அதற்குக் குழம்பு, சாறு என்று பொருள். பாட்டுக்குள் அந்தச் சொல் பழசு. 1933-லேயே இக்னாசியோ பினியேரோ 'எச்சாலே சல்சீத்தா' என்று ஒரு சோன் கட்டியிருக்கிறார். சரக்கின் பெயராக அது ஆனதுதான் புதுசு. சல்சா சாப்பிடுகிற பொருள், வாசிக்கிறதல்ல என்கிற ரீதியில் டீட்டோ புயெந்தே கடைசிவரை கேலி செய்துகொண்டிருந்தார்.

இந்தப் பெயர் என்ன வேலை செய்தது? கூபாவை மறைத்தது. வணிகத் தடையைச் சாக்காக வைத்து, கூபாக்காரர்களின் பாட்டுகள் பல ஃபானியா தட்டுகளில் இயற்றியவர் பெயர் இல்லாமல், 'உரிமை ஒதுக்கப்பட்டது' என்று பொருள்படும் 'டி.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகளோடு வெளிவந்தன. பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது, கட்டியவருக்குக் காசு போகவில்லை. காஞ்சியில் இதற்கு உரை தேவையில்லை: காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்த பிறகும் விசைத்தறிச் சேலை 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விற்பதைத் தறிக்காரர் தினமும் பார்க்கிறார்.

ஆனால் மறைத்தது மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பிராங்ஸின் சேரிப் பையன்களுக்கு அந்தப் பெயர் ஒரு முகவரியானது. 1978-ல் வில்லி கோலோனும் பனாமாவின் ரூபென் பிளேட்ஸும் வெளியிட்ட 'சியெம்ப்ரா' தெருச் சண்டியரையும் நுகர்வு மோகத்தையும் பாடியது, விற்பனையிலும் சாதனை படைத்தது. வணிகப் பெயரை அதைச் சுமந்த மக்கள் கைப்பற்றிக்கொண்டார்கள், பாதியளவாவது. பாதி என்கிறேன், ஏனென்றால் அங்கே பெண்களுக்கு இடம் சொற்பம். செலியா குரூஸ் கொண்டாடப்பட்டார். மேடையில் வெறிகொண்டு பாடிய லா லூப்பே ஓரங்கட்டப்பட்டு 1992-ல் வறுமையில் இறந்தார்.

சதிருக்கு வருகிறேன். 1925-ல், ஏழு வயதில், பாலசரசுவதியின் அரங்கேற்றம் காஞ்சியில் அம்மன் சன்னதியில் நடந்தது. பின்னாளில் அவருக்கு நட்டுவாங்கம் செய்த எல்லப்பாவும் காஞ்சிக்காரர். தறிக்கும் சதிருக்கும்கூட உறவு உண்டு: கைக்கோளர் குடும்பங்களிலிருந்து பெண்கள் கோயிலுக்கு விடப்பட்டதைத் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். 1930-களில் வக்கீல் ஈ.கிருஷ்ணய்யரும் மியூசிக் அகாதெமியும் சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயரை நிலைநாட்டினார்கள். 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். மறுவருடம் கலாக்ஷேத்ரா வந்தது. பெயர் மாறியபோது உடலும் மாறியது. முறையை ஒழிக்கச் சொன்னவர்களில் முத்துலட்சுமி ரெட்டி மட்டுமல்ல, அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஒழிய வேண்டியது முறை. கலை ஏன் கைமாற வேண்டும்? 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே குற்றமாக்கியது. 1981-லிருந்து சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது, நல்ல கூட்டம். அந்தச் சட்டம் யாருடைய உடலை நிறுத்தியது, யாருடைய உடலுக்கு வழிவிட்டது என்பது இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆகவே தறிக்காரருக்கு நான் சொன்ன பதில்: பெயர் வைத்த விதத்தில் சதிர் மாதிரிதான், ஆனால் பெயரை வைத்தவர்கள் வேறு. ஃபானியா லேபிள் ஒட்டியது, ஆடுகிறவரையும் பாடுகிறவரையும் மாற்றவில்லை. கறுப்பு விரல்கள்தான் காங்காவில் இருந்தன, சேரிதான் ஆடியது. அங்கே போனது காசு. இங்கே புனிதம் என்ற பெயரில் ஆடுகிற உடலே மாற்றப்பட்டது. சிருங்காரம் அசிங்கம் என்று கழுவப்பட்டது. அதை ஏற்காத பாலசரசுவதி 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையிலும் சிருங்காரத்தையே உயர்த்திப் பேசினார். "அப்போ காசு போனது தேவலாம்னு சொல்றியா?" என்று மடக்கினார் அவர். அப்படிச் சொல்லவில்லை. காசு போன ஆர்செனியோவின் பாட்டு இன்னும் அவர் ஜனங்களின் வாயில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆர்செனியோவின் 1940-களின் பதிவுகளிலிருந்து தொடங்கி, 'சியெம்ப்ரா'வுக்கு வரலாம். போங்கோ, மராக்கா எல்லாம் தமிழ்க் காதுக்குப் பழக்கம்தான், எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்திலேயே நம் சினிமாவுக்குள் வந்துவிட்டவை. முதல் தடவை கேட்கும்போது கட்டையின் ஒலி தனியாகப் பிடிபடாது. தகிட தகிட தகதிமி என்று தொடையில் தட்டிக்கொண்டே இருங்கள், இரண்டாம் பாட்டுக்குள் அகப்பட்டுவிடும்.